இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தில் ஒரு தடைக்காதல் நாவல்: புதிதாக எழுத வருபவர்களுக்கு

இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தை வைத்துத் தடைக்காதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காதலர்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் பார்வை, முதல் பேச்சு, முதல் மழை என்று ஐம்பது பக்கம் ஓடிவிடும். அப்புறம் அப்பா வந்து "இது நடக்காது" என்று கத்துவார். ஏன் நடக்காது என்று அவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. கதை அந்த இடத்தில் படுத்துவிடும்.

அதனால் முதலில் யோசிக்க வேண்டியது, "வேண்டாம்" என்று சொல்லப்போகிற ஆளைப் பற்றி. அது அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக, பாட்டியாக, மூத்த அண்ணனாக இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர் பக்கம் நியாயம் இருக்க வேண்டும். "இந்த அம்மா சொல்வதும் சரிதானே" என்று வாசகர் ஒரு பக்கத்திலாவது தயங்க வேண்டும். குடும்பத்தை வில்லனாக்கிவிட்டால் நாயகிக்கு இழக்க எதுவும் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவள் காதலித்தால் என்ன, காதலிக்காவிட்டால் என்ன?

வருடம், தெரு, சொந்த ஊர்

இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் ஒரு வரி எழுதாதீர்கள். 1880-க்கும் 1924-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தெற்கத்தியர்கள்: சிசிலி, கலாப்ரியா, கம்பானியா, பசிலிக்காத்தா பக்கத்து ஏழை விவசாயிகள், கூலிகள். இத்தாலி ஒரே நாடானதே 1861-ல்தான். கப்பலேறியவர்களுக்கு "நாம் இத்தாலியர்" என்ற நினைப்பு அவ்வளவாக இல்லை. தன் ஊர்க் கோயில் மணி கேட்கிற தூரத்துக்குள் பிறந்தவன் நம்மவன், அதைத் தாண்டியவன் அந்நியன். நியூயார்க்கின் லிட்டில் இத்தாலியில் மல்பெரி தெரு நேப்பிள்ஸ்காரர்களுடையது, எலிசபெத் தெரு சிசிலிக்காரர்களுடையது. இரண்டும் நடந்து போகிற தூரம்தான்.

எனவே வருடம் மாறினால் தடையும் மாறும். 1905-ல் எழுதினால் மல்பெரி தெருப் பையனும் எலிசபெத் தெருப் பெண்ணுமே போதும், கதை பற்றிக்கொள்ளும். 1950-களுக்கு வந்தால் அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். ஐரிஷ் மருமகனுக்கு முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள். கறுப்பினப் பையன் என்றால் 1970-களிலும் கதவு அடைபடும்.

இன்னொன்றும் முக்கியம். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் இத்தாலியர் வருகையை வருடத்துக்கு 4,000-க்கும் கீழே இறக்கியது. ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது ஏறக்குறைய நின்றது. அப்பா-அம்மா மனதில் 1910-ல் விட்டுவந்த ஊர் அப்படியே உறைந்துவிட்டது. அவர்கள் காப்பாற்றத் துடிக்கிற பழக்கங்களில் சிலவற்றை அந்த ஊரே கைவிட்டிருக்கலாம். இது அவர்களுக்குத் தெரியாது என்பது உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்புச்சீட்டு.

விளக்கம் தெளிவாக இருக்க, நாமே ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். இடம் மன்ஹாட்டனின் கிழக்கு ஹார்லெம், வருடம் 1938. நாயகி பிலோமினா, 20 வயது. குடும்பம் நேப்பிள்ஸுக்குத் தெற்கே, சலேர்னோ மாகாணத்தில் உள்ள போல்லா என்ற ஊரைச் சேர்ந்தது. இந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. கிழக்கு ஹார்லெமின் 115-வது தெருவில் இருக்கும் கார்மேல் மாதா பக்தி, 1880-களில் போல்லாவிலிருந்து வந்தவர்களோடு வந்ததுதான். நாயகன் சாம், யூதக் குடும்பத்துப் பையன், பிராங்க்ஸில் வீடு. இருவரும் ஏழாவது அவென்யூவில் ஒரே தையல் கம்பெனியில் வேலை செய்கிறார்கள்.

இருவரும் எங்கே பார்த்துக்கொள்ள முடியும்?

அந்தக் காலத்து இத்தாலியப் பெண் தனியாக வெளியே போவது நடக்காது. தம்பிகூடத் துணைக்கு வருவான், வந்து வீட்டில் போட்டும் கொடுப்பான். நடனக் கூடம், பூங்கா, சினிமா என்று சந்திப்பை வைத்தால் நம்ப முடியாது. ஆனால் வேலைக்குப் போகத் தடை இல்லை, வீட்டுக்குக் காசு வேண்டுமே. நியூயார்க்கின் தையல் தொழிலில் இத்தாலியப் பெண்களும் யூதர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 1911-ல் டிரையாங்கிள் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு சமூகத்துப் பெண்கள்தான்.

1933-ல் உடை தைப்பவர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவர்களுடைய தொழிற்சங்கம் பலமானது. அதில் மொழிவாரியாகவும் கிளைகள் இருந்தன. இத்தாலியத் தையல்காரர்களுக்கு லூயிஜி அன்டோனினி தலைமையில் 89-வது கிளை, துணி வெட்டுபவர்களுக்கு 10-வது கிளை. பிலோமினா மெஷினில் உட்காருபவள், 89. சாம் கட்டிங் மாஸ்டர், 10. ஒரே கூரை, ஒரே முதலாளி, ஒரே போராட்டம். கூட்டம் மட்டும் தனித்தனி. காதலுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் வெட்டிய துணிக்கட்டு அவள் மேஜைக்கு வருகிறது. அதில் ஒரு துண்டு மாறிப்போயிருக்கிறது, கேட்க அவளே எழுந்து போகிறாள். இதை எழுதுங்கள், மழை தேவையில்லை.

தடைக்கு வேர் வையுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நாள் ஒதுக்குங்கள். பிலோமினாவின் அம்மா ஏன் மறுக்கிறாள்? "யூதன்" என்ற ஒரு சொல் பதிலாகாது.

முதலில் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அன்று நடைமுறையில் இருந்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. கத்தோலிக்கப் பெண் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க மேலிடத்தின் விதிவிலக்கு வேண்டும். பிறக்கும் குழந்தைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்ப்பதாக வாக்குறுதி தர வேண்டும். அப்படியே அனுமதி கிடைத்தாலும் பொதுவாகக் கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால் கல்யாணம் கிடையாது. பாதிரியார் பங்களாவில் சத்தமில்லாமல் முடித்து அனுப்புவார்கள். சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள், ஊரே கேட்டது. இவள் பெயரை யாரும் வாசிக்கப்போவதில்லை. விதிவிலக்கு இல்லாமல் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால் சபையின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. மகள் நற்கருணை வாங்க முடியாது. தினமும் ஜெபமாலை உருட்டுகிற அம்மாவுக்கு இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, மகளுடைய ஆன்மாவைப் பற்றிய பயம். இந்தப் பயத்தை முழு மரியாதையோடு எழுதுங்கள்.

(இதே சட்டத் தொகுப்பில் இன்னொரு விதி உண்டு. ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் பிற்காலத்தில் அந்தக் குழந்தையை மணக்க முடியாது, ரத்த உறவு துளியும் இல்லாவிட்டாலும். 1983-ல்தான் புதுத் தொகுப்பு அதை எடுத்தது. வேறு கதை தேடுபவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.)

அடுத்தது அந்தக் காலத்து அரசியல். 1935-ல் இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்தபோது, நாட்டுக்காகத் தங்க மோதிரத்தைக் கொடுங்கள் என்று பெண்களைக் கேட்டார்கள். அமெரிக்காவில் இருந்த இத்தாலியப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். பதிலுக்கு எஃகு மோதிரம் வந்தது. பிலோமினாவின் அம்மா விரலில் அந்த மோதிரம் இருக்கட்டும். இங்கே "அழுக்குப் பிடித்தவர்கள்" என்று கேவலப்பட்டவளுக்கு, முதன்முதலாகத் தலைநிமிர வைத்த பொருள் அது. 1938 இலையுதிர் காலத்தில் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைப் போடுகிறது. சாமின் வீட்டில் அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள். அடுத்த முறை அவன் அந்த மோதிரத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பான்? அம்மாவுக்குத் தான் செய்ததன் அர்த்தம் எப்போது புரியும்? நாவலின் நடுப்பகுதி முழுவதையும் இந்த ஒரு மோதிரம் தாங்கும்.

மூன்றாவது, மறுபக்கம். சாமின் வீட்டிலும் கதவு திறந்தில்லை. வேற்று மதத்தவளை மணந்த பிள்ளைக்கு, செத்தவர்களுக்குச் செய்வதுபோல ஏழு நாள் துக்கம் காத்த குடும்பங்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தடை என்றால் தராசு சாயும். இரண்டு பக்கமும் வையுங்கள், ஆனால் ஒரே அளவு பக்கம் தராதீர்கள். இது பிலோமினா வீட்டுக் கதை.

வீட்டைப் பழக்கங்களால் கட்டுங்கள்

"குடும்பம்தான் எல்லாம்" என்று பாத்திரங்களை வசனம் பேச விடாதீர்கள். வீடு எப்படி ஓடுகிறது என்று காட்டினால் போதும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். ஆகவே பிலோமினா என்பது போல்லாவில் புதைக்கப்பட்ட பாட்டியின் பெயர், அவளைத் திட்டும்போதெல்லாம் அப்பாவுக்கு நாக்கு தடுமாறும். வெளிக்கு அப்பா தலைவர், உள்ளே சாவி அம்மாவிடம். பிள்ளைகள் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுக்க வேண்டும், செலவுக்கு அவள் எடுத்துத் தருவாள். பெற்றோரிடம் மரியாதையோடுதான் பேசுவார்கள், அதனால் தமிழில் அம்மாவையும் அப்பாவையும் "நீங்கள்" என்றே சொல்ல வையுங்கள். பெட்டியில் கல்யாணத்துக்காக எம்பிராய்டரி போட்ட படுக்கை விரிப்புகள், மேஜைத் துணிகள் பல வருடமாகச் சேர்கின்றன.

இந்தப் பழக்கங்களில் ஏதாவது ஒன்று உடைகிற நொடிதான் உங்கள் காட்சி. உதாரணத்துக்கு:

*கவரை மேஜையில் வைத்துவிட்டுப் பிலோமினா கோட்டைக் கழற்றப் போனாள். ரோசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். மேல் ஓரம் கிழிந்திருந்தது. ஒழுங்காக, நகத்தால் கீறிப் பிரித்ததுபோல. உள்ளே பணத்தை எண்ணவில்லை. கிழிந்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.*

*"யார் திறந்தது?"*

*"நான்தான் அம்மா. ரெண்டு டாலர் எடுத்துக்கிட்டேன்."*

*"எதுக்கு?"*

*பதில் வரவில்லை. ரோசா கவரை மாதா படத்துக்குப் பின்னால், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். பிறகு அடுப்புக்குத் திரும்பி, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை இன்னொரு முறை அணைத்தாள்.*

காதல் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இப்படி ஒரு காட்சி, பத்துப் பக்க வாக்குவாதத்தைவிட அதிக வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை நாவலின் நீதிமன்றம் அந்த மேஜைதான். காலைப் பூசைக்கு முன்பே தக்காளிக் குழம்பு அடுப்பில் ஏறிவிடும். பன்றி எலும்பு, கொத்துக்கறி உருண்டை, சுருட்டிக் கட்டிய மாட்டிறைச்சி எல்லாம் அதிலேயே மணிக்கணக்கில் வேகும். பூசை முடிந்து வந்ததும் பசிக்கிற பிள்ளைகளுக்கு ரொட்டியின் முனையை அதில் தோய்த்துக் கொடுப்பார்கள். மதியம் எல்லாரும் உட்கார்ந்த பிறகு முதலில் பாஸ்தா, அது முடிந்து கறி தனியாக வரும். மேஜையில் ஒரு தட்டு கூடினால் அது நிச்சயதார்த்தம் மாதிரி. ஒரு தட்டு குறைந்தால் ஊருக்கே செய்தி. சாமை முதன்முதலாக அந்த மேஜைக்குக் கூட்டிவந்து, பன்றியிறைச்சியில் வெந்த குழம்பை அவன் முன் வைக்கிறீர்கள். இரு தரப்பும் ஒரு சொல் தவறாகப் பேச வேண்டாம், யாரும் யாரையும் அவமதிக்க நினைக்கவும் வேண்டாம். அந்தத் தட்டு போதும்.

ஆனால் உணவுப் பட்டியல் போட்டு ஏமாற்றாதீர்கள். யார் பரிமாறுகிறார்கள், யாருக்கு முதலில், யாருக்குக் கறி குறைவாக என்பதில்தான் கதை இருக்கிறது.

திருவிழாவை ஒருமுறையாவது வையுங்கள்

ஜூலை 16, கார்மேல் மாதா திருவிழா. மாதா சுரூபம் தெருத்தெருவாக ஊர்வலம் வரும். வேண்டிக்கொண்ட பெண்கள் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பார்கள். குணமான கை, கால், இதயம் ஆகியவற்றை மெழுகில் செய்து காணிக்கையாகச் செலுத்துவார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்து போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. தங்கள் கையால் கல் சுமந்து கட்டிய அந்தக் கோயிலில், தொடக்க காலத்தில் இத்தாலியர்களைக் கீழ்த்தளத்தில்தான் கும்பிட விட்டார்கள். மேலே மற்றவர்களுக்கு. இந்தக் காயம் தெரிந்தால்தான் அந்த ஊர்வலத்தின் கம்பீரம் புரியும். மகள் மனம் மாற வேண்டும் என்று அம்மா வெறுங்காலில் நடக்கிறாள், அம்மா மனம் மாற வேண்டும் என்று மகளும் அதே ஊர்வலத்தில் நடக்கிறாள். இதை நான் எழுதிக் காட்டப்போவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

மாஃபியா வேண்டாம். துப்பாக்கி வந்ததும் குடும்பத்தின் தார்மீகக் கேள்விகள் எல்லாம் ஓடிப்போகும், "சுட்டுவிடுவார்கள்" என்ற ஒரே பயம் மிஞ்சும். லட்சக்கணக்கான இத்தாலிய-அமெரிக்கர்கள் தைத்தும், கல் உடைத்தும், முடி வெட்டியும், காய்கறி விற்றும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பிடிவாதம் துப்பாக்கி இல்லாமலேயே பயங்கரமானது.

ஓடிப்போகும் காட்சியில் கவனம் தேவை. பெற்றோர் சம்மதிக்காதபோது காதலர்கள் சேர்ந்து ஓடிப்போய், ஓர் இரவு கழித்துத் திரும்பி, வேறு வழியில்லாமல் கல்யாணத்தை நடத்த வைக்கும் வழக்கம் சிசிலியில் இருந்தது. இது இருவரும் விரும்பிச் செய்வது. ஆனால் இதன் நிழலிலேயே கடத்திக்கொண்டு போவதும் நடந்தது. 1965-ல் சிசிலியின் அல்காமோ ஊரில் ஃபிராங்கா வியோலா என்ற இளம்பெண்ணைக் கடத்தி வன்புணர்ந்தவனை, ஊர் வழக்கப்படி மணக்க அவர் மறுத்தார். அவருடைய அப்பா மகள் பக்கம் நின்றார். மணந்துகொண்டால் குற்றவாளிக்குத் தண்டனை இல்லை என்ற சட்டம் 1981-ல்தான் நீங்கியது. அதனால் நாயகன் நாயகியைத் தூக்கிக்கொண்டு போவதை "வீரக்காதல்" என்று எழுதாதீர்கள். பிலோமினா போனால் தன் காலால் நடந்து போகட்டும்.

மூன்றாவது, தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல். நம் வீட்டு அம்மாவுக்கு ரோசா என்று பெயர் வைத்துவிடுவது. ஒற்றுமைகள் நிறைய இருப்பதால் சுலபமாக வழுக்கும். ஆனால் அங்கே சாதி இல்லை. பிறப்பால் தீராத தீட்டு என்ற எண்ணம் இல்லாத இடத்தில், மதம் மாறினால், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், காலம் போனால் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. தடையின் இயல்பே வேறு, ஆகவே அது உடைகிற விதமும் வேறு. ஜாதகம், சீர்வரிசை வாசனை வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

முடிவு

அமெரிக்கக் காதல் நாவல் என்ற வகைக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: காதலர்கள் கடைசியில் சேர வேண்டும், வாசகர் நம்பிக்கையோடு புத்தகத்தை மூட வேண்டும். தடைக்காதல் என்றால் தண்டவாளம், விஷம் என்று நம் கை தானாகப் போகும், அதை அடக்குங்கள். இருவரையும் உயிரோடு வைத்து, சேர்த்து, அதற்கு ஒரு விலையும் கொடுக்க வைப்பதுதான் கஷ்டமான வேலை.

எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிற சமரசமும் வேண்டாம். நம் கதைக்கு வரலாறே ஒரு வழி தருகிறது. அமெரிக்கா போரில் இறங்கியதும் குடியுரிமை வாங்காத இத்தாலியர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் "எதிரி நாட்டார்" ஆனார்கள். பதிவு செய்ய வேண்டும், அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், ரேடியோ வைத்திருப்பதில்கூடக் கட்டுப்பாடு. 1942 அக்டோபரில்தான் அந்த முத்திரையை நீக்கினார்கள். ரோசா குடியுரிமை வாங்காதவள். மகன் அமெரிக்க ராணுவத்தில், அம்மா எதிரி. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பத் தெரியாமல் அவள் உட்கார்ந்திருக்கும்போது, நகராட்சி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மகளும் அந்த மருமகனும் வருகிறார்கள். அவன் பேனாவை எடுக்கிறான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு மேஜையில் எத்தனை தட்டு, குழம்பில் எந்த இறைச்சி என்று ரோசா முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

தகவல் எங்கே கிடைக்கும்?

நிறைய விஷயங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1939-க்கும் 1941-க்கும் இடையில் நியூயார்க் நகராட்சி வரிக்காக நகரத்தின் எல்லாக் கட்டடங்களையும் படம் எடுத்தது. அவை நகராட்சி ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 115-வது தெருவைத் தேடி, பிலோமினா வீட்டைத் தேர்ந்தெடுங்கள். கீழே என்ன கடை, தீ விபத்துக்கான இரும்புப் படி எந்தப் பக்கம் என்பது வரை தெரியும். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 2012 முதல் பொதுவில் உள்ளன. ஒரு கட்டடத்தில் யார், எங்கே பிறந்தவர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று வரிசையாக இருக்கும். நியூயார்க் போக வாய்ப்பு இருந்தால் ஆர்ச்சர்ட் தெரு 97-ல் உள்ள டெனமென்ட் மியூசியத்தில், 1930-களில் ஒரு சிசிலிக் குடும்பம் வாழ்ந்த வீட்டை அந்தக் காலத்தில் இருந்ததுபோல மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் பக்கத்தைப் புரிந்துகொள்ள லியோனார்ட் கோவெல்லோவைப் பற்றிப் படியுங்கள். பசிலிக்காத்தாவில் பிறந்து சிறுவனாக வந்தவர், கோவியெல்லோ என்ற பெயரைப் பள்ளியில் ஆசிரியரே மாற்றிவிட்டார். பிறகு 1934-ல் கிழக்கு ஹார்லெமில் தொடங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பிள்ளைகள் கிழிபடுவதைப் பல வருடம் பதிவு செய்தவர். அவருடைய தாள்கள் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. பிலோமினாவின் தம்பியை அந்தப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அக்காவைக் காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா என்று தெரியாமல் தவிக்கிற ஒரு பையன் இந்தக் கதைக்கு அவசியம் வேண்டும்.